கட்டையிற் கட்டி வளர்க்கும் ஓக்கிட்: வீட்டில் வளர்த்தலும் பிரித்து நடுதலும்
(திருகோணமலைத் துறைமுகப் பகுதி வீட்டுத் தோட்டங்களுக்கு உரியது)

முன்னுரை

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களில், முற்றத்து மாமரத்திலோ விறாந்தையின் கூரைச் சட்டத்திலோ ஓக்கிட் செடியொன்றை வளர்க்கும் ஆசை பலருக்கும் உண்டு. மாரிக்காலத்திற் கட்டிய செடி சில மாதம் பச்சையாய் நிற்கும். கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் இலை சுருங்கும். ஆவணி முடியுமுன் செடி காய்ந்துவிடும். அடுத்த மாரியிற் காட்டிலிருந்து இன்னொரு செடி பெயர்க்கப்படும். இவ்வாறு காடு வெறுமையாகின்றது. வீட்டிலும் செடி நிலைப்பதில்லை.

இப்பிரசுரம் வற்புறுத்துவது ஒன்றே. ஒரு செடியைக் காப்பதற்கு வேண்டியவை நன்னீரும் காற்றுத் தடுப்பும். அதனைப் பலவாக்குவதற்கு வேண்டியது காலமறிந்து பிரித்தல். இவ்விரண்டையும் அறிந்தவர் காட்டை நாடவேண்டியதில்லை. நன்கு வளர்ந்த ஒரு செடி சில ஆண்டுகளில் அயல்வீடுகளுக்கும் செடி தரும்.

ஓக்கிட் செடியின் இயல்பு

இலங்கையில் ஏறக்குறைய 190 ஓக்கிட் இனங்கள் இயற்கையாக வளர்கின்றன. அவற்றுட் பல மரங்களின்மேல் வாழ்வன. இவை குருவிச்சையைப் போல ஒட்டுண்ணிகள் அல்ல. மரத்தின் சாற்றை இவை உறிஞ்சுவதில்லை. பற்றிக்கொள்ள இடம் மட்டுமே வேண்டுகின்றன. ஆதலால் இவற்றை மேலொட்டித் தாவரங்கள் என்பர். மரத்துக்குப் பதிலாக ஒரு கட்டையைக் கொடுத்தாலும் இவை வாழும்.

இச்செடியின் வேரை உற்று நோக்குக. அதன் புறத்தே வெண்மையான, கடற்பஞ்சு போன்ற உறையொன்று காணப்படும். இவ்வுறை மழைநீரையும் பனிநீரையும் விரைவில் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நனைந்த வேர் பச்சையாகவும் உலர்ந்த வேர் வெண்மையாகவும் தோன்றும். நீர் ஊற்றவேண்டிய வேளையை இந்நிறமே அறிவிக்கும். இவ்வேருக்கு நீர் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு காற்றும் வேண்டும். எந்நேரமும் ஈரத்தில் இருக்கும் வேர் அழுகிவிடும்.

தடித்த இலையுடைய ஓக்கிட்டுகள் பல, பகலில் இலைத்துளைகளை மூடி, இரவில் திறந்து மூச்சுவிடுவன. நீரைச் சிக்கனப்படுத்த இயற்கை அளித்த வழி இது. ஆகையால் மாலையிலும் இரவிலும் செடியைச் சூழ்ந்த காற்று சிறிது ஈரமாக இருத்தல் நன்று.

இப்பகுதிக்கு ஏற்ற வகைகள்

வளரும் முறையைக் கொண்டு ஓக்கிட்டுகளை இரு பிரிவாக வகுக்கலாம். பிரிக்கும் முறை இப்பிரிவைப் பொறுத்ததாதலால் இதனை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும்.

1. பல தண்டு வகை: கட்டையின்மேற் கிடையாகப் படரும் வேர்த்தண்டிலிருந்து ஆண்டுதோறும் புதிய தண்டுகள் எழும். தடித்த இத்தண்டுகள் போலிக்குமிழ் எனப்படும். நீரும் உணவும் இவற்றிற் சேமிக்கப்படும். டென்ட்ரோபியம், கட்லியா, ஒன்சிடியம் ஆகியன இவ்வகையின. தாழ்நிலத்து வெப்பத்தைத் தாங்கும் டென்ட்ரோபியக் கலப்பினங்கள் புதியவர்க்கு மிக ஏற்றவை.

2. ஒற்றைத் தண்டு வகை: ஒரே தண்டு மேல்நோக்கி வளர்ந்துகொண்டே செல்லும். இவற்றுக்குப் போலிக்குமிழ் இல்லை. வண்டா இனங்கள் இவ்வகையின. உலர்வலயக் காடுகளில் மரங்களின்மேற் காணப்படும் வண்டா தெசலாட்டா, மஞ்சள் கலந்த பச்சை இதழிற் கபிலநிறக் கட்டங்கள் அமைந்த மணமுள்ள பூவைத் தருவது. இலங்கையில் மட்டக்களப்பு ஓக்கிட் என்ற பெயராலும் வழங்கும் றின்கொஸ்தைலிஸ் ரெதூசா, நரிவால் போலத் தொங்கும் பூங்கொத்துடையது. அசாம் மாநிலத்தில் பிகு விழாவில் நடனமாடும் பெண்கள் கூந்தலிற் சூடுவது இப்பூவையே.

வெசாக் மலர் எனப்படும் டென்ட்ரோபியம் மக்கார்தியே ஈரவலயத்து மழைக்காடுகளுக்கு உரியது. இதன் அழகைக் கண்டு இப்பகுதியின் வெப்பத்துக்கும் வறட்சிக்கும் அதனைக் கொண்டுவருதல் தகாது.

சுவாத்தியமும் அதனால் வரும் இடர்களும்

திருகோணமலையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. இதன் பெரும்பகுதி ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரையுள்ள வாடைக்காலத்திற் பெய்துவிடும். இதனால் ஓக்கிட் செடிக்கு இங்கே மூன்று இடர்கள் உண்டு.

முதலாவது கச்சான். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைப் பெய்துவிட்டு, கிழக்கே இறங்கும்போது உலர்ந்து வெப்பமடைகின்றது. வைகாசி முதல் ஆவணி வரை வீசும் இக்காற்று கட்டையிலுள்ள ஈரத்தைச் சில மணி நேரத்திற் கவர்ந்துவிடும். சட்டியில் நட்ட செடியைவிடக் கட்டையிற் கட்டிய செடிக்கே இதனால் ஊறு மிகுதி.

இரண்டாவது உவர். கடற்கரையை அடுத்த கிணறுகள் பலவற்றில் வறட்சி முதிர முதிர உவர் ஏறும். குடிக்கும்போது நாவில் உவர்க்கும் நீரை ஓக்கிட்டுக்கு ஊற்றலாகாது. நீர் ஆவியாக, உப்பு வேரிலும் கட்டையிலும் படிந்து நிற்கும். வேர்நுனி கருகுதலும் இலைநுனி கபிலநிறமாதலும் இதன் அறிகுறிகள். வாடைக்காலத்தில் கடலை நோக்கிய வீடுகளில் உப்புத் துவலை இலையிற் படியும். மழையில்லாத நாட்களில் நன்னீரால் இலையைக் கழுவிவிடுக.

மூன்றாவது மாரியின் மிகை மழை. நாள் முழுதும் நனையும் செடியின் குருத்தில் நீர் தேங்கினால் குருத்தழுகல் உண்டாகும். ஒற்றைத் தண்டு வகையிற் குருத்து அழுகின் அத்தண்டின் வளர்ச்சி நின்றுவிடும்.

ஆகவே செடியைத் தொங்கவிடும் இடம் கிழக்கு வெயில் படுவதாயும், மேற்கும் தென்மேற்கும் மறைக்கப்பட்டதாயும் இருத்தல் வேண்டும். மறைப்புக்குக் கிடுகு போதும். கிடுகுத் தட்டியை இறுக அடையாது, இடைவெளி விட்டுக் கட்டுக. காற்றின் வேகம் தணியவேண்டுமேயன்றிக் காற்றோட்டம் நிற்கலாகாது. டென்ட்ரோபியத்துக்கு அரை நிழல் வேண்டும். வண்டாவுக்கு அதனினும் கூடிய வெளிச்சம் வேண்டும். இலை கரும்பச்சையாய்த் துவண்டு நீண்டால் வெளிச்சம் போதாது. மஞ்சளித்துச் செம்மை படர்ந்தால் வெயில் மிகுதி என அறிக.

கட்டையைத் தெரிதலும் பதப்படுத்தலும்

கட்டை எளிதில் உக்காததாயும் சொரசொரப்பான பட்டை உடையதாயும் இருக்க வேண்டும். பாலை, முதிரை, வேம்பு, மா ஆகியவற்றின் காய்ந்த கிளைத்துண்டுகள் ஏற்றவை. ஒரு முழ நீளமும் மூன்று நான்கு அங்குலப் பருமனும் போதும். கொய்யா, மருது போன்று பட்டை உரியும் மரங்களை விலக்குக. பட்டை உரியும்போது வேரும் உடன் பெயர்ந்துவிடும். முற்றத்தில் ஈழத்தலரியோ மாமரமோ நிற்குமாயின் அதன் உயிர்மரக் கிளையிலேயே கட்டலாம்.

தேங்காய்ப் பொச்சு ஈரத்தை நன்கு தாங்குமாதலால் கச்சான் காலத்துக்குத் துணையாகும். ஆயின் மாரியில் அது எளிதில் உலராது. எனவே முழுப் பொச்சிற் கட்டாது, உள்ளங்கையளவு துண்டு ஒன்றைக் கட்டைக்கும் வேருக்கும் இடையே வைத்தல் நன்று. பொச்சை ஒரு கிழமை நன்னீரில் ஊறவிட்டு, நாள்தோறும் நீரை மாற்றி, கபிலநிறச் சாயம் நீங்கியபின் பயன்படுத்துக.

கடற்கரையில் ஒதுங்கிய கட்டைகள் காண்பதற்கு அழகியன, எனினும் உப்பூறியவை. அவற்றைச் சில கிழமை நன்னீரில் ஊறவிட்டு, நீரைப் பலமுறை மாற்றிய பின்னரே எடுத்தல் வேண்டும். செப்புக் கலந்த மரக்காப்பு மருந்து ஊட்டிய பலகையும் செப்புக் கம்பியும் ஆகா. செப்பு ஓக்கிட் வேருக்கு நஞ்சாகும்.

கட்டும் முறை

செடியின் காய்ந்த வேர்களை நீக்கி, நல்ல வேர்களை நனைத்து மென்மையாக்குக. பல தண்டு வகையாயின், புதிய முளை எழும் பக்கம் கட்டையை நோக்கியிருக்குமாறும், முன்னே படர இடமிருக்குமாறும் வைக்க. வண்டாவைக் கட்டையின் அடிப்பகுதியில் வைத்து, குருத்துச் சற்றே சாய்ந்து நிற்கக் கட்டுக. அவ்வாறாயின் குருத்தில் நீர் தங்காது.

கட்டுவதற்கு மீன்பிடிக்குப் பயன்படும் தங்கூசி மிக ஏற்றது, உக்காது, துருப்பிடியாது. மெல்லிய தங்கூசி தண்டை அறுக்குமாதலால் அது படுமிடத்திற் சிறிது தும்பை மடித்து வைக்க. செடி அசையாதிருத்தலே முதன்மையானது. அசையும் செடியின் புதிய வேர்நுனி கட்டையில் உராய்ந்து தேயும், பற்றாது. புதிய வேர் கட்டையைப் பற்றியபின், ஏறக்குறைய ஆறு மாதத்தில், கட்டை அவிழ்த்துவிடலாம்.

நீரும் பசளையும்

மழைநீரினும் சிறந்த நீர் ஓக்கிட்டுக்கு இல்லை. ஒரு சதுர மீற்றர்க் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர் கிடைக்கும். ஆகவே 10 சதுர மீற்றர்க் கூரையில் 25 மில்லிமீற்றர் மழை பெய்யின் 250 லீற்றர் சேரும். கட்டையொன்றுக்கு நாளொன்றுக்குக் கால் லீற்றர் எனக் கொண்டால், பத்துக் கட்டைகளுக்கு இந்நீர் நூறு நாளைக்குப் போதும். மாரியின் இறுதியிற் பீப்பாயொன்றை நிரப்பி வைப்பவருக்குக் கச்சானின் அச்சம் பாதி குறையும். பீப்பாயை மூடியாலும் நெருங்கிய வலையாலும் நன்கு மூடுக. 2017ஆம் ஆண்டில் இம்மாவட்டம் டெங்குக் காய்ச்சலால் வருந்தியதை மறத்தலாகாது.

வறண்ட மாதங்களிற் காலையில் ஒருமுறையும், ஞாயிறு சாயுமுன் ஒருமுறையும் வேர் முழுதும் பச்சையாகும்வரை தெளிக்க. மாரியில் வேர் பச்சையாக உள்ளவரை நீர் ஊற்றவேண்டியதில்லை. அடைமழை நாட்களிற் கட்டையைக் கூரையின் உட்புறம் மாற்றுக. எல்லாக் கட்டைகளையும் ஒரே வாளி நீரில் அமிழ்த்துதல் நோயைப் பரப்பும்.

பசளை மிகக் குறைவாகவே வேண்டும். நீரிற் கரையும் கலப்புப் பசளையை ஒரு லீற்றருக்கு அரைக் கிராம் வீதம் கரைத்து, புதிய தண்டு வளருங் காலத்திற் கிழமைக்கு ஒருமுறை தெளிக்கலாம். முதலில் நீரால் வேரை நனைத்தபின்னரே பசளை இடுக. மாதம் ஒருமுறை மழைநீரால் கட்டையை நன்கு கழுவுதல் வேண்டும். இன்றேற் பசளை உப்பும் உவரோடு சேர்ந்து படியும்.

பிரிப்பதற்கு ஏற்ற காலம்

பிரித்தலிற் பிழை நேர்வது பெரும்பாலும் கத்தியாலன்று, காலத்தாலேயே. பூ முடிந்ததும் உடனே பிரிப்பவரும், அயலார் கேட்ட நாளிலே வெட்டிக் கொடுப்பவரும் இரு பாதியையும் இழப்பர்.

கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, செடியின் அளவு. ஒவ்வொரு பங்கிலும் மூன்று நான்கு போலிக்குமிழ்களேனும் இருத்தல் வேண்டும். எனவே எட்டுப் போலிக்குமிழ் உள்ள செடியை இரண்டாக்கலாம். நான்கு உள்ளதைத் தொடலாகாது. இரண்டாவது, வேரின் நிலை. புதிய முளை ஓரிரு அங்குலம் எழுந்து, அதன் அடியிற் பச்சை வேர்நுனி தலைகாட்டும் வேளையே தக்கது. வெட்டுண்ட செடியைக் கட்டையோடு பிணைப்பது இப்புது வேரே. மூன்றாவது, பருவம். இப்பகுதிக்கு ஏற்றது புரட்டாதி நடுப்பகுதி தொடக்கம் ஐப்பசி நடுப்பகுதி வரையாகும். அப்பொழுது கச்சான் ஓய்ந்து, இடிமழை தொடங்கியிருக்கும், அடைமழை வந்திராது. அடுத்த வைகாசிக்குள் வேரூன்ற ஏழு மாதம் கிடைக்கும். சித்திரை முதல் ஆவணி வரை பிரித்தல் ஆகாது. கார்த்திகை, மார்கழியிற் பிரித்தால் வெட்டுவாய் அழுக இடமுண்டு.

பல தண்டு வகையைப் பிரித்தல்

கட்டையிற் பற்றிய செடிக்கு மிகப் பாதுகாப்பான முறை முன்வெட்டு ஆகும். பங்குனி மாதத்திற் செடியைக் கட்டையிலிருந்து எடுக்காமலே, போலிக்குமிழ்களுக்கு இடையேயுள்ள வேர்த்தண்டை மட்டும் வெட்டிவிடுக. செடி அசையாது, வேரும் அறாது. ஆயினும் பின்பகுதி முன்பகுதியினின்றும் பிரிந்துவிட்டமையால், உறங்கிய கண்ணொன்று விழித்து முளைவிடும். புரட்டாதியில் அம்முளை வேர் காட்டியதும் அதனைப் பிரித்தெடுக்கலாம். முளையாத பகுதியை அடுத்த ஆண்டு வரை அவ்வாறே விடுக. இம்முறையில் நட்டம் அரிது.

பிரித்தெடுக்கும்போது பின்வருமாறு செய்க:

1. கத்தியை நெருப்பிற் காட்டி ஆறவிடுக. ஒவ்வொரு செடிக்கும் புதிதாகக் காட்டுதல் வேண்டும். ஓக்கிட்டைத் தாக்கும் வைரசு நோய்கள் ஒரு செடியின் சாற்றிலிருந்து மற்றதற்குக் கத்திவழியே செல்வன. அவற்றுக்கு மருந்து இல்லை.

2. கட்டையைக் கால் மணி நேரம் நீரில் ஊறவிட்டு, பற்றிய வேர்களை மழுங்கிய அலகால் மெல்ல நெம்புக. வராத வேரை இழுத்து அறுப்பதிலும், பட்டையைச் சீவி வேரோடு எடுத்தல் நன்று. பொச்சிற் பற்றியிருந்தால் பொச்சையே இரண்டாகப் பிளந்து, அவ்வத் துண்டோடு புதிய கட்டையிற் கட்டுக.

3. வெட்டுவாயிற் கறுவாத் தூளைப் பூசுக. அது வெட்டுவாயை உலர்த்திப் பூஞ்சணத்தைத் தடுக்கும். வேரிற் படலாகாது, வேரையும் உலர்த்திவிடும்.

4. பங்குகளை ஒருநாள் நிழலில் வைத்து வெட்டுவாய் உலர்ந்தபின் முன்சொன்ன முறைப்படி கட்டுக.

டென்ட்ரோபியத்தின் பழைய தண்டுக் கணுவிற் சிலவேளை சிறு கன்று முளைப்பதுண்டு. இப்பிள்ளைக் கன்றின் வேர்கள் ஓரிரு அங்குலம் நீண்டபின் தாய்த்தண்டிலிருந்து வெட்டிக் கட்டலாம்.

ஒற்றைத் தண்டு வகையைப் பிரித்தல்

வண்டாவின் தண்டு நீண்டு, மேற்பகுதியில் நல்ல வேர் மூன்றேனும் வெளிப்பட்டபின் அவற்றுக்குக் கீழே வெட்டுக. மேற்பகுதி தனிச் செடியாகும். இலையுள்ள அடிப்பகுதியை அசையாது விட்டால் அது பக்கமுளை விடும். றின்கொஸ்தைலிசின் தண்டு குறுகியது, அதனை வெட்டலாகாது. அடியிற் பக்கக்கன்று தோன்றித் தன் வேரை விட்டபின் அதனை மட்டும் பிரிக்க.

இவ்வகைப் பெருக்கத்தின் ஆற்றலுக்குச் சிங்கப்பூரின் தேசிய மலர் சான்றாகும். மிஸ் ஜோக்கிம் என்னும் வண்டாக் கலப்பினம் அங்கு ஒரு வீட்டுத் தோட்டத்திற் பூத்தது. 1893ஆம் ஆண்டில் அறிஞரால் விவரித்து வெளியிடப்பட்டது. 1981இல் தேசிய மலராயிற்று. வெப்பநாடுகளெங்கும் அது பரவியது பெரும்பாலும் தண்டுத் துண்டுகள் வாயிலாகவே.

பிரித்தபின் பராமரிப்பு

முதற் கிழமை மழை படாத நிழலில் வைத்து, இலைக்கு மட்டும் மென்மையாக நீர் தெளிக்க. இரண்டாங் கிழமை தொடக்கம் வேரை நனைக்கலாம். புதிய வேர் அரை அங்குலம் நீளும்வரை பசளை இடாதீர். போலிக்குமிழ் சற்றே சுருங்குதல் இயல்பு; அதனைக் கண்டு நீரைப் பெருக்கினால் வேர் அழுகும். முதற் பூவுக்கு ஓராண்டோ இரண்டாண்டோ பொறுத்திருத்தல் வேண்டும்.

நத்தையும் ஓடில்லா நத்தையும் இளவேர் நுனியை இரவில் உண்ணும். விளக்கோடு சென்று பொறுக்கி அகற்றுக. செதிற்பூச்சியும் வெண்மூட்டுப்பூச்சியும் இலையடியில் ஒட்டியிருக்கும். பழைய பற்தூரிகையைச் சவர்க்கார நீரிற் தோய்த்துத் தேய்த்து, பின் நன்னீரால் கழுவுக. எறும்பு ஏறும் செடியை உடனே சோதிக்க; இப்பூச்சிகளின் இனிய கழிவை நாடியே எறும்பு வருவது வழக்கம்.

காட்டுச் செடிகளைப் பற்றி

ஓக்கிட் காயொன்றில் ஆயிரக்கணக்கான விதைகள் உள்ளன. எனினும் அவை தூசு போன்றவை, தம்முள் உணவற்றவை. காட்டில் ஒருவகைப் பூஞ்சணம் துணை நின்றாலன்றி அவை முளையா. 1922ஆம் ஆண்டில் நட்சன் என்னும் அமெரிக்க அறிஞர், சருக்கரை சேர்த்த ஊடகத்தில் அப்பூஞ்சணமின்றியே விதையை முளைப்பித்தார். இன்று நாற்றகங்களில் விற்கப்படும் கலப்பினங்கள் பல ஆய்வுகூடக் குப்பிகளில் வளர்ந்தனவே. வீட்டில் இது எளிதன்று. காட்டிலோ, பெயர்க்கப்பட்ட ஒரு முதிர்ந்த செடியின் இடத்தைப் புதுச் செடி நிரப்பப் பல ஆண்டுகள் செல்லும்.

1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இந்நாட்டு ஓக்கிட்டுகள் சிலவற்றைப் பாதுகாக்கப்பட்ட தாவரங்களாகக் குறிக்கின்றது. வேறு நாடுகளுக்கு ஓக்கிட் செடிகளைக் கொண்டுசெல்லுதலும் சர்வதேச உடன்படிக்கைக்கு உட்பட்டது. காட்டு இனங்களைக் காண விரும்புவோர் அவற்றைக் காட்டிலேயே கண்டு மகிழ்க. வீட்டுக்கு வேண்டியதை நாற்றகத்திலிருந்தோ, முன்பே வளர்ப்பவரிடமிருந்து பிரித்த பங்காகவோ பெறுக.

முடிவுரை

முதலாண்டிற் செடியைக் கச்சானிலிருந்து காப்பாற்றுக. இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளிற் போலிக்குமிழ்களை எண்ணி வருக. எட்டாயின் பங்குனியில் முன்வெட்டுச் செய்து, புரட்டாதியிற் பிரித்து, ஒரு பங்கை அயலார்க்குக் கொடுக்க. தம் செடி என்றேனும் பட்டுப்போயின், அப்பங்கிலிருந்து மீண்டும் ஒரு கன்று பெறலாம். ஒரு வீட்டில் மட்டும் உள்ள செடி ஒரு கச்சானில் அழியக்கூடும். ஐந்து வீட்டில் உள்ள செடி எளிதில் அழியாது.

மேலும் விளக்கம் வேண்டுவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.